பம்பரின் பின்பக்கம்

வரிசைப்படி சொல்கிறேன். நடுவில் பேசாதீர்கள். வரிசை கலைந்தால் அநியாயத்தின் கனம் குறைந்துவிடும். இது எனக்கு நாற்பது வருட அனுபவம்.

முதலாவது, எண்பத்தொன்று. அம்பத்தூரில் ஒரு முலாம் பட்டறை. குரோமிக் ஆசிட் தொட்டியின் மேல் குனிந்து நின்று சைக்கிள் கைப்பிடிகளை முக்கி எடுப்பது என் வேலை. கையுறை கொடுத்தார்கள், முகமூடி கொடுக்கவில்லை. தொட்டியிலிருந்து எழும்பிய ஆவி என் மூக்கின் நடுத்தண்டைத் தின்றுவிட்டது. நான் பேசும்போது இடையிடையே ஒரு சீழ்க்கை கேட்கிறதல்லவா, அது நான் அடிப்பதில்லை. அந்த ஓட்டை அடிப்பது.

இரண்டாவது, எண்பத்தேழு. முகமூடி கேட்டு நாற்பத்து மூன்று நாள் வேலைநிறுத்தம். துண்டறிக்கை எழுதியவன் நான். வாயிற்கூட்டம் போட்டவன் நான். இரண்டு முறை லாக்கப்பில் கிடந்தவன் நான். நாற்பத்து நாலாம் நாள் எங்கள் சங்கத் தலைவர் தனியாக உள்ளே போனார், தேநீர் குடித்தார், ஒப்பந்தத்தோடு வெளியே வந்தார். அதில் முகமூடி இல்லை. ஆளுக்கொரு டிபன் கேரியர் இருந்தது.

மூன்றாவது, தொண்ணூற்றாறு. பொங்கல் விடுமுறைக்குப் போய்த் திரும்பி வந்தால் பட்டறைக் கதவில் வேறு பூட்டு. தொட்டிகளைக்கூட எடுத்துப் போய்விட்டார்கள். தரையில் அவை நின்ற இடம் மட்டும் பச்சையாக இருந்தது.

நாலாவது, சங்கத்தின் வெள்ளி விழா மலர். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். பந்தல் போட்டவர் பெயர் இருக்கிறது. மைக் செட்காரர் பெயர், படத்தோடு இருக்கிறது. பதினோரு வருடம் செயலாளராக இருந்த ச. வேதகிரியின், அதாவது என், பெயர் இல்லை. கேட்டதற்கு, "அச்சுப்பிழை தோழர்" என்றார்கள். பெயர் தப்பாக வந்தால் அச்சுப்பிழை. வராமலே போனால் அதற்கு என்ன பெயர்? மலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு அந்த அலுவலகப் படியை மிதிக்கவில்லை.

ஐந்தாவது, இந்த இடம். நீலாங்கரை. கடலுக்கும் இந்தக் கொட்டகைக்கும் நடுவில் ஒரு சவுக்குத் தோப்புதான். இங்கே ஆறு பழைய கார்களை நிறுத்தி வைத்திருக்கிறார் புருஷோத்தமன். தோல் ஏற்றுமதிக் குடும்பம். கடற்காற்றில் கொண்டுவந்து குரோம் பம்பர்களை நிறுத்துபவனுக்கு எவ்வளவு அறிவு இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். குரோமைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். முலாம் தொழிலை அடி முதல் நுனி வரை அறிந்தவன். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே என்ன எழுதினார்கள் தெரியுமா? கிளீனர்.

ஆறாவது, போன வருடம். தீவுத்திடலில் பழைய கார்களின் கண்காட்சி. குரோம் பராமரிப்புக்கான கேடயம் இவருடைய கறுப்பு வண்டிக்குக் கிடைத்தது. ஐம்பத்தாறாம் வருடத்து இங்கிலாந்துக் கார். மேடையில் புருஷோத்தமன் மனைவிக்கு நன்றி சொன்னார். டயர் கடைக்காரருக்கு நன்றி சொன்னார். கொட்டகையில் படுத்திருக்கும் நாய்க்கும் சொன்னார், அதன் பெயரைச் சொல்லி. எல்லோரும் சிரித்தார்கள். நான் மேடைக்குக் கீழே, துணியும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன்.

ஏழாவதைச் சொல்லத்தான் உங்களை உட்கார வைத்தேன். புதுச்சேரியிலிருந்து அந்தச் சாக்குமூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, "இந்த வருஷம் கேடயம் வாங்கின கறுப்பு வண்டிக்கு குரோம் பார்த்தது நீங்கதானே?" என்று கேட்டீர்கள். பதில் வரும். வரிசையில் வரும்.

சாக்கில் என்ன, பம்பரா? அவிழ்க்க வேண்டாம், பார்க்காமலே சொல்கிறேன். எஃகு நாரைப் போட்டுத் தேய்த்திருப்பீர்கள். போகவில்லை என்றதும் கழிவறைக்கு ஊற்றும் ஆசிடை ஊற்றியிருப்பீர்கள். தலையைக் குனிகிறீர்களே. எல்லோரும் செய்கிற வேலைதான் அது. அருவருப்பாக இருக்கிறது, என்ன செய்வது.

கேளுங்கள். குரோமுக்குத் துருப் பிடிக்காது. அது காகிதத்தைவிட மெல்லிய தோல். அதற்குக் கீழே நிக்கல், அதற்கும் கீழே செம்பு, எல்லாவற்றுக்கும் அடியில் இரும்பு. தோலில் ஊசிமுனை அளவு துளைகள் இருக்கும். அவற்றின் வழியாக உப்புக்காற்று உள்ளே இறங்கி இரும்பைத் தின்னும். நீங்கள் மேலே பார்க்கும் பழுப்புப் புள்ளி, உள்ளே நடக்கிற அநியாயத்தின் கடைசிக் கட்டம். இதை வைத்து ஒருமுறை எட்டுப் பக்கத் துண்டறிக்கையே எழுதினேன். தலைப்பு, 'மினுக்குக்கு அடியில்'. இரண்டு பேர் படித்தார்கள். அதில் ஒருவர் போலீஸ்காரர்.

ஏழாவதுக்கு வருகிறேன்.

போன ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கறுப்பு வண்டியின் பின் பம்பரில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளிகள். நான் மெருகுச் சக்கரத்தைப் போட்டேன். துணிச் சக்கரம், மோட்டாரில் சுற்றுவது. பட்டறையில் முப்பது வினாடியில் ஒரு கைப்பிடியை மெருகு போட்டவன் நான். சக்கரம் தொட்டது, புள்ளி போனது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஒரு உள்ளங்கை அகலத்துக்கு நிறம் மாறியது. குரோம் நீலம் அடிக்கும், நிக்கல் மஞ்சள் அடிக்கும். மஞ்சள் அடித்தது.

அது மோட்டாரின் தப்பு. அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றும் மோட்டாரை வாங்கிப் போட்டவர் முதலாளி. தவிர, பட்டறையில் மஞ்சள் தெரிந்தால் என்ன செய்வோம்? மறுபடி தொட்டியில் முக்குவோம், முடிந்தது. இங்கே முக்கக் கூடாதாம். புதிதாக முலாம் போட்டால் போட்டியில் மதிப்பெண் குறைப்பார்களாம், பழைய தோல் பழைய தோலாகவே இருக்க வேண்டுமாம். அதை யார் எனக்குச் சொன்னார்கள்? சொல்லியிருந்தார்கள்தான், ஆனால் எழுத்தில் கொடுக்கவில்லை.

புருஷோத்தமன் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாமை இருக்கிறதே, அதுதான் அந்த வர்க்கத்தின் ஆயுதம். மறுநாள் மெருகுச் சக்கரம் இருந்த இடத்தில் இல்லை. கறுப்பு வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு அந்தப் பாத்திரக்காரம்மா குந்தியிருந்தது.

யார் என்று கேட்பீர்கள். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கும் அம்மா. காலையில் இங்கே வந்து கொட்டகையைப் பெருக்கும். ஐம்பது வயது இருக்கும். முலாம் என்றால் என்ன, குரோம் எத்தனை மைக்ரான், ஒன்றும் தெரியாது. கையில் என்ன வைத்திருந்தது தெரியுமா? சில்வர் பேப்பர். மண்டபத்தில் பிரியாணித் தட்டின் மேல் மூடுவார்களே, அந்த அலுமினியத் தாள். கழுவிக் காயவைத்துக் கசக்கி உருண்டையாக்கி, தண்ணீரில் தோய்த்து, பம்பரைத் தடவிக்கொண்டிருந்தது. எனக்கு வாடை தெரியாது, மூக்கு போய்விட்டது. ஆனால் அருவருப்புக்கு மூக்கு தேவையில்லை. ஐம்பத்தாறாம் வருடத்துக் குரோமை எச்சில் தட்டு மூடிய தாளால் துடைப்பதா?

"அம்மா, இது குரோம். அண்டா இல்லை" என்றேன்.

"தெரியும்ணே. அண்டான்னா அழுத்தித் தேய்ப்பேன்" என்றது.

புள்ளி போனதா என்று கேட்கிறீர்கள். போனது. அதில் அந்த அம்மாவின் திறமை ஒன்றும் இல்லை. அலுமினியம் குரோமைவிட மென்மையானது, கீறாது. தண்ணீரோடு சேரும்போது துருவைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வெறும் ரசாயனம். காரணம் தெரியாமல் ஒருவர் செய்கிற வேலையை எப்படித் தொழில் என்று ஒப்புக்கொள்வது? இதற்கு முன்பே ஒருமுறை, "உங்க சங்கத்துல என்னையும் சேர்த்துக்க" என்று கேட்டிருக்கிறது. முலாம் தொழிலாளர்களுக்கு மட்டும்தான் என்று விளக்கிச் சொல்லியிருந்தேன். பழைய சங்கத்தை விட்டு வந்த பிறகு நானே நடத்தும் சங்கம் அது, உறுப்பினர் நான் ஒருவன்தான். இருந்தாலும் விதி விதிதான்.

அந்த வாரமே வேலைநிறுத்த அறிவிப்பு கொடுத்தேன். மெருகுச் சக்கரத்தை எடுத்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. போன வருடம் மேடையில் நடந்த அவமானத்துக்காகத்தான். யோசிக்க நேரம் எடுத்தது, அவ்வளவே.

ஒரே ஒரு கோரிக்கை. சம்பளம் கேட்கவில்லை, விடுப்பு கேட்கவில்லை. எழுத்துக்கு எழுத்து சொல்கிறேன், கேளுங்கள். 'கண்காட்சியில் குரோம் பராமரிப்புக்குப் பரிசு கிடைக்குமாயின், அந்த வேலையை உண்மையில் செய்த தொழிலாளியின் பெயர், மேடையில், முழுமையாக, தலைப்பெழுத்தோடு, இன்னொரு தொழிலாளியாலோ அவராலேயோ வாசிக்கப்பட வேண்டும்.' 'உண்மையில் செய்த' என்ற சொற்களை நான்தான் சேர்த்தேன். இல்லாவிட்டால் டிரைவர் கிளமெண்ட்டின் பெயரைச் சொல்லி ஏமாற்றிவிடுவார்கள். 'அவராலேயோ' என்று சேர்த்தது ஏன் என்று உங்களுக்கே புரிந்திருக்கும். வேறு யாரும் என் தலைப்பெழுத்தைச் சரியாகச் சொன்னதில்லை.

வாசல் வாதாமரத்தின் கீழ் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தேன். பத்தொன்பது நாள். மழையில் ஏழு நாள். கிளமெண்ட் காரை வெளியே எடுக்கும்போதெல்லாம் கண்ணாடியை இறக்கி, "தோழரே, நீங்க ஒரு ஆளு. கூட்டம் ஜாஸ்தியாயிடப் போவுது, போலீஸ்ல பெர்மிஷன் வாங்கிட்டீங்களா?" என்பான். சிரிக்கட்டும். வரலாற்றில் ஆரம்பத்தில் எல்லாமே ஒரு ஆள்தான்.

ஆனால் அந்தப் பாத்திரக்காரம்மா தினமும் என்னைத் தாண்டி உள்ளே போனது. இடுப்பில் சில்வர் பேப்பர் மூட்டை. நாலாம் நாள் நின்று, "இன்னா செயலாளரே, மழைல குந்தினுகீறே. உள்ள வந்து கூரைக்குக் கீழ ஸ்ட்ரைக் பண்ணக் கூடாதா?" என்று கேட்டது.

"வேலைநிறுத்தம் நடக்கும்போது உள்ளே போகிறவர்களுக்கு எங்கள் பாஷையில் ஒரு பெயர் இருக்கிறது அம்மா" என்றேன்.

"நீ நிறுத்திட்ட. துரு நிறுத்துமா? அதுக்கு யாரு நோட்டீஸ் குடுத்தது?"

எவ்வளவு பின்தங்கிய உணர்வு, பாருங்கள். அன்று மாலையே துண்டறிக்கை எழுதினேன். 'கருங்காலியே, உன் வர்க்கத்தைக் காட்டிக் கொடுக்காதே.' ஐம்பது பிரதி எடுத்துச் சுற்றுச்சுவர் முழுக்க ஒட்டினேன். மறுநாள் அந்த அம்மா மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நின்று முழுசாகப் படித்தது. படிக்கத் தெரியும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டாவது பத்தியில் கொஞ்சம் வேகம் குறைந்தது, அங்கே வாக்கியம் நீளம்.

"நல்லா எழுதிக்கீறே" என்றது. "என்னியப் பத்திதானே? என் பேரு போடலியே."

"கருங்காலிக்குப் பெயர் கிடையாது."

மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அன்றைக்குத் தேநீர் கொண்டுவந்து வைக்கவில்லை. ஆமாம், அதுவரை தினமும் பதினோரு மணிக்கு ஒரு தம்ளர் தேநீர் வைத்துக்கொண்டிருந்தது. எதிரியின் தேநீரைக் குடிக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் அது எதிரியில்லையே, கருங்காலிதானே. அதனால் குடித்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தது, சர்க்கரை கொஞ்சம் கம்மியாக.

வாதாமரத்தடியிலிருந்து பார்த்தால் கொட்டகையின் உட்புறம் நன்றாகத் தெரியும். எல்லாம் பார்த்தேன். முதலில் வெறும் தண்ணீர், உப்புப் போக. பிறகு சில்வர் பேப்பர். பிறகு பழைய வேட்டித் துணியால் ஈரம் ஒட்டாமல் ஒற்றி எடுக்கிறது. பிறகு மெழுகு, ஒரு விரல் நுனியில் எடுத்து. என் மஞ்சள் இடத்தைத் தேய்க்கவே இல்லை. மெழுகை மட்டும் மற்ற இடத்தைவிட இரண்டு தடவை அதிகம் பூசியது, அந்த இடத்தில் காற்றுப் படாமல் இருக்க. இதெல்லாம் முடித்ததும் சாக்கை விரித்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, பம்பரின் பின்பக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தது. ஒரு நாள் இல்லை, ஒன்பது நாள். முலாம் போடும்போது பின்பக்கத்தில் பூச்சு ஏறவே ஏறாது, துரு அங்கிருந்துதான் கிளம்பும். எனக்குத் தெரியும். முலாம் போடுகிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் விட்டுவிடுவோம்.

பொறுக்க முடியாமல் வாசலிலிருந்தே கத்தினேன். "பின்பக்கத்தை எவன் பார்க்கப் போகிறான்?"

அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "அண்டாவுக்குள்ளயும் எவனும் பாக்கறதில்ல செயலாளரே. அடுத்த நாளு சோறு நாறும்."

பத்தொன்பதாம் நாள் புருஷோத்தமன் குடையோடு வாசலுக்கு வந்தார். என் கோரிக்கையை நின்றபடியே படித்தார்.

"இவ்வளவுதானா வேதகிரி? பேர் வாசிக்கணும், அவ்வளவுதானே? முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"எழுத்தில் வேண்டும்."

அங்கேயே, என் கோரிக்கைக்குக் கீழேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'ஏற்கப்பட்டது. வேதகிரியே வாசிப்பார்.' நாற்பது வருடத்தில் ஒரு வார்த்தைகூடக் குறையாமல் நான் வென்ற முதல் கோரிக்கை அது. பேச்சுவார்த்தை இல்லை, டிபன் கேரியர் இல்லை. அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

வேலைக்குத் திரும்பினேன். கறுப்பு வண்டிக்கு மேற்பார்வை பார்த்தேன். அந்த அம்மா, "அண்ணே, நீ தண்ணிய மட்டும் மாத்து, போதும்" என்றது. மாற்றினேன். தண்ணீர் மாற்றுவது சின்ன விஷயமில்லை. அழுக்குத் தண்ணீர்தான் குரோமைக் கீறும்.

பிறகு என் பழைய தோழர்களுக்குச் சொல்லி அனுப்பினேன். பட்டறையில் என்னோடு தொட்டியில் நின்றவர்களில் உயிரோடு இருப்பவர்கள் மூன்று பேர். ஏகாம்பரத்துக்கு ஆவடி. எழுபத்தொரு வயது, முழங்கால் மடங்காது. 'ஞாயிற்றுக்கிழமை தீவுத்திடலுக்கு வாருங்கள். என் பெயர் வாசிக்கப்படப் போகிறது. மலரில் விட்டதை மைக்கில் கேளுங்கள்' என்றேன். மூன்று பேரும் இரண்டு பஸ் மாறி வந்தார்கள். ஏகாம்பரம் ஒரு சிவப்புத் துண்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தான், பெயர் வாசித்ததும் போர்த்துவதற்கு. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டு உடுத்தியிருந்தேன்.

நடுவர் பெங்களூர்க்காரர். வெள்ளைத் தாடி, பல் டாக்டர் வைத்திருப்பது போல நீளக் காம்புள்ள சின்னக் கண்ணாடி ஒன்று. பின் பம்பரில் என் மஞ்சள் இடத்தைக் கண்டதும் நின்றார்.

"யாரோ மெஷின் போட்டிருக்காங்க" என்றார். பிறகு மெழுகை நகத்தால் தொட்டுப் பார்த்தார். "யாரோ அதுல துரு ஏறாம நிறுத்தியிருக்காங்க."

கண்ணாடியைப் பம்பருக்கு அடியில் நீட்டினார். அப்படியே அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை நகர்த்தினார். நாற்பது வண்டியிலும் நீட்டினார், மற்ற எல்லாவற்றிலும் பழுப்புத்தான். இதில் மட்டும் இரண்டாம் முறை நீட்டினார். எழுதிக்கொண்டு போனார்.

கேடயம் வந்தது. புருஷோத்தமன் மேடை ஏறினார். இந்த முறை நாயைப் பற்றிப் பேசவில்லை. "ஒரு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்று சொல்லி என்னைக் கூப்பிட்டார். ஏறினேன். நாலாய் மடித்த ஒரு காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

நான் மைக்கைப் பிடித்தேன். முன்னுரையாக நாலு வார்த்தை பேசினேன். சிகாகோவில் ஆரம்பித்து அம்பத்தூர் வரை வந்தேன். பிறகு காகிதத்தைப் பிரித்தேன்.

அதில் இருந்த பெயர் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

நிஜமாகச் சொல்கிறேன். கேள்விப்படாத பெயர். வேறு வண்டிக்காரர்களின் காகிதம் கை மாறி வந்துவிட்டது என்று நினைத்தேன். புருஷோத்தமனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கூட்டத்துக்கு அப்பால், வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். வண்டிக்குப் பக்கத்தில், நடுவரின் விரல் தடம் விழுந்த இடத்தை முந்தானையால் ஒற்றிக்கொண்டு அந்தப் பாத்திரக்காரம்மா நின்றது. மேடையைக் கவனிக்கவே இல்லை. ஒன்றரை வருடம் ஒரே கொட்டகையில். ஐம்பது துண்டறிக்கை. பத்தொன்பது நாளும் தேநீர், இரண்டு நாள் தவிர.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அருவருப்பு. முதலாளி மீது, அந்தக் கண்ணாடிக்காரன் மீது, அந்த அம்மா மீது. எல்லோர் மீதும். நான் உட்கார்ந்த மழை, நான் எழுதிய கோரிக்கை. கடைசியில் யாருக்கு?

நினைத்திருந்தால் மாற்றி வாசித்திருக்கலாம். மைக் என் கையில், காகிதம் என் கையில். கூட்டத்தில் யாருக்குத் தெரியப் போகிறது? அந்த அம்மாவே கேட்டிருக்காது. மூன்றாவது வரிசையில் ஏகாம்பரம் முழங்காலை ஊன்றி எழுந்துவிட்டான். துண்டை உதறிப் பிரித்துவிட்டான்.

ஆனால் நான் பதினோரு வருடம் தீர்மானங்களை வாசித்தவன். எனக்கு எதிரான தீர்மானத்தையே ஒருமுறை நான்தான் வாசித்தேன், ஒரு எழுத்துக்கூட விடாமல். என்னைப் பற்றி யார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், எழுதியிருப்பதை வேறாக வாசித்தான் என்று மட்டும் எவனும் சொன்னதில்லை. மலரிலிருந்து ஒரு பெயரைத் தூக்கினார்களே, அந்தக் கும்பலில் நான் இல்லை.

நீங்கள் வந்ததும் கேட்டீர்களே, கறுப்பு வண்டிக்குக் குரோம் பார்த்தது யார் என்று. அன்றைக்கு அறுநூறு பேர் முன்னால், ஏகாம்பரம் துண்டோடு நிற்க, மூக்கின் சீழ்க்கை மைக்கில் எல்லோருக்கும் கேட்க, முழுமையாக, தலைப்பெழுத்தோடு நான் வாசித்தேன்:

"மு. தேசம்மாள்."